துருத்தியும் தோற்பையும்: தியானம் எழுதுகிறவர் மேசைக்கு இரண்டு வேதாகமங்கள்

சபை மலருக்கு ஒரு பக்கத் தியானம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களுக்கு நாற்பது குறிப்புகள், கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஒரு கவிதை, வாலிபர் கூடுகைக்கு ஒரு குறுநாடகம். வசனத்தை வைத்து எழுதுகிறவர்கள் நம்மிடையே நிறைய. எந்த மொழிபெயர்ப்பை மேசையில் வைத்து எழுதுகிறோம் என்பதை மட்டும் பெரும்பாலும் யோசிப்பதில்லை. வீட்டில் எது இருக்கிறதோ அதுதான். கட்டுரை தடுமாறும் இடங்களில் பாதிக்கு அதுவே காரணம்.

எழுதுகிறவரின் கருவியாக மட்டும் பார்த்து இரண்டு பதிப்புகளை இங்கே எடைபோடுகிறோம். ஒன்று, இந்திய வேதாகமச் சங்கத்தின் பரிசுத்த வேதாகமம், பழைய மொழிபெயர்ப்பு. மற்றது, 1995-ல் வெளிவந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு. எது ‘சரி’ என்ற வாதம் இங்கே இல்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: காதுக்குப் பழையது, கண்ணுக்குத் திருவிவிலியம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரைக்குள் இரண்டின் சொற்களையும் கலக்காதீர்கள்.

பழைய மொழிபெயர்ப்பின் வேர் தரங்கம்பாடியில் இருக்கிறது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அங்கே அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் முடிந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னொரு ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் முழு வேதாகமத்தையும் புதிதாக மொழிபெயர்த்தார். ஜெபித்து ஜெபித்துத் தேய்ந்த தமிழ் அவருடையது. 1850-ல் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு யாழ்ப்பாணத்தில் உருவாக்கிய மொழிபெயர்ப்பைத் தமிழகச் சபைகள் ஏற்காமல் போனதற்கு, பப்ரிசியுஸின் ஓசை அதற்குள் காதில் ஊறிப்போனதும் ஒரு காரணம். பிறகு பவர் பாதிரியார் தலைமையிலான குழு திருத்தி முடித்த பதிப்பு 1871-ல் வந்தது. இன்று நாம் ‘பழைய மொழிபெயர்ப்பு’ என்பது அதைத்தான்.

இந்தச் சரித்திரம் எழுதுகிறவருக்கு எதற்கு என்றால், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சத்தமாக வாசிக்கப்பட்ட உரைநடை இது. வாய்க்குச் சுகம். “மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல, தேவனே, என் ஆத்துமா உம்மை வாஞ்சித்துக் கதறுகிறது” என்ற 42-ம் சங்கீத வரியை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘வாஞ்சித்துக் கதறு’ இரண்டு முறை வருகிறது; இரண்டாவது முறை ‘கிறது’ என்று இறங்கி நிற்கிறது. நடுவில் ‘தேவனே’ என்று ஒரு மூச்சு. கவிதை எழுதுகிறவர் கற்கவேண்டிய முதல் பாடம் அந்த மூச்சு. அரைப்புள்ளியை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திய தமிழ் உரைநடையும் குறைவு.

சிக்கல் சொற்பொருளில். சமஸ்கிருதச் சொற்கள் அதிகம் என்ற பழைய புகாரைச் சொல்லவில்லை. சிருஷ்டி, கிருபை, இரட்சிப்பு எல்லாம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கே தெரியும். ஆபத்து, தெரிந்த சொல்போலத் தோன்றிப் பொருள் மாறிப்போன தமிழ்ச் சொற்களில்தான். யாத்திராகமம் 20:5-ல் வரும் ‘எரிச்சலுள்ள தேவன்’ ஒரு நல்ல மாதிரி. இன்று எரிச்சல் என்றால் சிடுசிடுப்பு. அங்கே சொல்லப்படுவது, தனக்கு உரியதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்காத அன்பின் வைராக்கியம். இது தெரியாமல் ‘நம் தேவனுக்கும் எரிச்சல் வரும்’ என்று தொடங்கும் தியானம் முதல் வரியிலேயே தடம் புரண்டுவிடும். 23-ம் சங்கீதத்தின் ‘தாழ்ச்சியடையேன்’ இன்னொன்று. தாழ்ந்துபோக மாட்டேன், யாரும் என்னைத் தாழ்த்த முடியாது என்று பொருள் விரித்து எழுதுகிறார்கள். அங்கே தாழ்ச்சி என்பது குறைவு. எனக்கு ஒன்றும் குறைவுபடாது என்பதே சேதி.

எல்லாவற்றையும்விட அதிகம் இடறவைப்பது துருத்தி. “என் அலைச்சல்களை தேவரீர் எண்ணியிருக்கிறீர், என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?” என்பது சங்கீதம் 56:8. இன்றைய வாசகருக்குத் துருத்தி என்றால் கொல்லன் பட்டறை. உடனே உலைக்களம், நெருப்பு, புடமிடுதல் என்று ஒரு தியானம் உருவாகிவிடுகிறது, அழகாகவே. ஆனால் வசனத்தில் நெருப்பே இல்லை. ஆட்டுத்தோலை முழுதாக உரித்துத் தைத்து, தண்ணீரோ திராட்சரசமோ ஊற்றிவைக்கும் பை அது. மத்தேயு 9:17-ன் ‘பழந்துருத்தி’யும் அதுவே: புது ரசம் புளிக்கும்போது காற்று உண்டாகும், புதுத் தோல் விரிந்து கொடுக்கும், காய்ந்து இறுகிய பழைய தோல் கிழியும். திருவிவிலியம் இரண்டு இடத்திலும் ‘தோற்பை’ என்று போட்டுக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. பழையதை மட்டும் வைத்திருப்பவருக்குத் திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைக்கச் சொல்வதற்கு இந்த ஒரு வசனமே போதும்.

இனி திருவிவிலியம். கத்தோலிக்கரும் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையினரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு. திண்டிவனத்தில் உள்ள தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் வெளியிடுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் 66 புத்தகங்கள். கத்தோலிக்கப் பதிப்பான இதில், சீர்திருத்தச் சபைகள் வேதாகமத்தில் சேர்க்காத இணைத்திருமுறை நூல்களோடு 73. தோபித்து, சீராக்கு, சாலமோனின் ஞானம் எல்லாம் கிடைக்கும். சீராக்கின் ஞானம் குறுநாடகம் எழுதுகிறவருக்குப் பெரிய சுரங்கம் என்பதைச் சீர்திருத்தச் சபை எழுத்தாளர்கள் இன்னும் கண்டுகொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

எழுதுகிறவர் கண்ணுக்கு இதன் முதல் லாபம் வரி பிரிப்பு. எபிரெயக் கவிதைக்கு எதுகை மோனை முக்கியமல்ல. ஒரே கருத்தை இரண்டு பாதியாக எதிரொலிப்பதே அதன் யாப்பு. பழைய மொழிபெயர்ப்பு சங்கீதத்தையும் ராஜாக்களின் சரித்திரத்தையும் ஒரே மாதிரி, வசனத்துக்கு ஒரு பத்தியாக, அடித்துவிடும். பாதி எங்கே முடிகிறது என்பதைக் காற்புள்ளியில் தேடவேண்டும். “உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது” என்பது அங்கே ஒரே வாக்கியம். திருவிவிலியத்தில் “என் காலடிக்கு உம் வாக்கே விளக்கு! என் பாதைக்கு ஒளியும் அதுவே!” என்று இரண்டு வரி. கால், பாதை, விளக்கு, ஒளி. சன்னல் கம்பிபோல அமைப்பு தெரிகிறது. கவிதை எழுதுமுன் அந்தப் பகுதியைத் திருவிவிலியத்தில் பார்த்துவிடுங்கள், அமைப்பு பிடிபடும்.

119-ம் சங்கீதம் 22 எபிரெய எழுத்துக்கு எட்டெட்டு வசனமாக 176 வசனம் ஓடுவது பலருக்குத் தெரியும். புலம்பல் முதல் நான்கு அதிகாரங்களும் அகரவரிசைப் பாட்டுதான். மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனம். ஆத்திசூடி படித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமான வடிவமே அல்ல. அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்தில் ஒரு புலம்பல் எழுதலாம். ‘ஔ’ வரும்போது கொஞ்சம் திண்டாட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சொல் தேர்வில் திருவிவிலியம் பல இடங்களில் நம் பேச்சுக்கு அருகில் வருகிறது. “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை.” ஆண்டவர், ஆயர் என்று மோனை இயல்பாக விழுகிறது; ‘குறையில்லை’ என்பது வீட்டுப் பேச்சு. ஆனால் ‘ஆயர்’ என்ற சொல் இரண்டு சுமையோடு வருவதைக் கவனியுங்கள். கத்தோலிக்கருக்கு ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர். இலக்கியம் படித்தவருக்கு முல்லை நிலமும் மாடுகளும். பழையதன் ‘மேய்ப்பர்’ இந்தச் சுமை எதுவும் இல்லாத வெறும் தொழிற்பெயர். ஆடுகளையும் கோலையும் வைத்து எழுதப்போகிறீர்கள் என்றால் மேய்ப்பரே வசதி. யோவான் 1:1-லும் இப்படித்தான். ‘வார்த்தை’ வாயிலிருந்து வருவது. ‘வாக்கு’ கொடுப்பதும் காப்பதும்கூட. வாக்குத் தவறாத கடவுள் என்ற திசையில் போகும் தியானத்துக்குத் திருவிவிலியமே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. சங்கீதங்களில் ஆச்சரியக்குறி அளவுக்கு மீறி வருகிறது. அந்த நடையைப் பின்பற்றினால் ஜெபமே கூட்டத்தில் பேசுவதுபோல ஒலிக்கத் தொடங்கும். பல்லவிக்கும் பழையதுதான் நன்றாக இருக்கிறது. 136-ம் சங்கீதத்தின் 26 வசனத்திலும் திரும்ப வருவது பழையதில் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’, திருவிவிலியத்தில் ‘என்றும் உள்ளது அவரது பேரன்பு’. பொருளில் ‘பேரன்பு’ எபிரெயத்துக்கு நெருக்கம். ஆனால் சபை ஒரே குரலில் 26 முறை சொல்வதற்கு எது வாய்க்கு வருகிறது என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். பதில்மொழி ஜெபம் எழுதுகிறவர்கள் தங்கள் பல்லவியை இந்த அளவுக்குச் சுருக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு சொல் தாண்டினால் ஐந்தாவது முறையிலேயே சபை பிந்திவிடும்.

கலக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னதற்கு வருகிறேன். தேவன், கர்த்தர், பரிசுத்த ஆவி, சுவிசேஷம், ஞானஸ்நானம், பரலோகராஜ்யம், சீஷர் ஒரு குடும்பம். கடவுள், ஆண்டவர், தூய ஆவி, நற்செய்தி, திருமுழுக்கு, விண்ணரசு, சீடர் மற்றொரு குடும்பம். ‘கர்த்தர் தூய ஆவியால் நம்மை இரட்சித்து விண்ணரசில் சேர்க்கிறார்’ என்று எழுதினால் பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டு வீட்டுச் சாப்பாட்டை ஒரே இலையில் போட்டதுபோல இருக்கும். யார் வாசிக்கப்போகிறார்கள் என்று பார்த்து ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, கடைசி வரி வரை அதிலேயே நில்லுங்கள். மற்றதிலிருந்து ஒரு சொல் வேண்டுமென்றால் வெளிப்படையாகவே கொண்டுவாருங்கள்: ‘இதையே திருவிவிலியம் தோற்பை என்கிறது’ என்று. இருப்பிடக் குறிப்பிலும் அதே ஒழுங்கு வேண்டும், சங். 56:8 என்று ஒரு பத்தியிலும், திருவிவிலியத்தின் ‘திருப்பாடல்’ என்ற பெயரைச் சுருக்கித் திபா 56:8 என்று அடுத்ததிலும் வந்தால் வாசகர் இரண்டு வசனம் என்று நினைப்பார்.

பெயர்களில் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்திருக்கிறது. முன்பு கத்தோலிக்க நூல்களில் பேதுரு இராயப்பர், பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர், யோசேப்பு சூசையப்பர். தேம்பாவணியில் வீரமாமுனிவர் யோசேப்பை ‘வளன்’ என்றே பாடினார். திருவிவிலியம் பேதுரு, பவுல், யோவான், யோசேப்பு என்ற வடிவங்களை எடுத்துக்கொண்டது. கவிதையில் வளன் என்ற ஓரசைச் சொல் வசதியாக அமரும். அடிக்குறிப்பு இல்லாமல் புரியுமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மொழிபெயர்ப்பும் ஒத்துப்போகும் ஒரு விஷயத்தில்தான் எழுதுகிறவர்கள் அதிகம் தவறுகிறார்கள்: ‘நீர்’. கடவுளை விளிக்கும்போது நீ அல்ல, நீங்கள் அல்ல, நீர். அதற்கு வினை ‘-ஈர்’ என்று முடியும்: “கர்த்தாவே, நீர் என்னை ஆராய்ந்து, அறிந்திருக்கிறீர்.” பேச்சில் இந்த வடிவம் பெரும்பாலும் மறைந்துவிட்டதால் கை தானாக வழுக்கி ‘நீர் அறிந்திருக்கிறீர்கள்’ என்றோ, இரண்டு வரி தள்ளி ‘உங்கள் கிருபை’ என்றோ எழுதிவிடும். ஏவலில் இன்னும் மோசம்: ‘வையும், தாரும், இரங்கும்’ என்று தொடங்கி ‘காப்பாற்றுங்கள்’ என்று முடியும் ஜெபங்கள் ஏராளம். எழுதி முடித்தபின் ஒருமுறை வினைமுற்றுகளை மட்டும் வாசியுங்கள். நம் பக்திக் கவிகளின் மரபில் ‘நீ, உன்’ என்று பாடுவதற்கும் இடமுண்டு. அதுவும் அழகுதான், ஆனால் பாட்டு முழுக்க அப்படியே இருக்கவேண்டும்.

இரண்டையும் வைத்து வேலை செய்யும் முறைக்கு அதே 56:8-ஐ எடுத்துக்கொள்வோம். நோட்டில் இடப்பக்கம் பழையதைக் கையால் எழுதுங்கள், வலப்பக்கம் திருவிவிலியம். வேறுபடும் சொல்லைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பிறகு சங்கீதத்தின் தலைப்புக் குறிப்பு. பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்தபோது பாடியது என்கிறது. அந்தச் சம்பவம் 1 சாமுவேல் 21:10–15-ல் இருக்கிறது: சவுலுக்குத் தப்பி எதிரி ஊருக்கே ஓடினவன், அங்கே பைத்தியக்காரன்போல நடித்து, தாடியில் வாய்நீர் வழியவிட்டு நிற்கிறான். ‘அலைச்சல்’ என்ற சொல் இப்போது கனக்கிறதா? வாலிபர் கூடுகைக்கு ஒரு காட்சி கிடைத்துவிட்டது.

இன்னும் ஒரு படி உண்டு. எபிரெயத்தில் அலைச்சலுக்கும் தோற்பைக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி, இரண்டும் ‘நோத்’. என் நோத்தை நீர் எண்ணினீர், என் கண்ணீரை உம் நோத்தில் வையும் என்று சங்கீதக்காரன் சொல்லோடு விளையாடுகிறான். இரண்டு தமிழ்ப் பதிப்பிலும் அது வரவில்லை, வரவும் முடியாது. படைப்பாக எழுதுகிறவர் நுழையவேண்டிய இடைவெளி அதுதான். வழிநடைக்காரன் தோளில் தொங்கும் தண்ணீர்ப் பையையும் அவன் நடந்த தூரத்தையும் ஒரே படிமத்தில் கட்டிவிட்டால் மூலத்தின் விளையாட்டு தமிழில் வேறு வழியாக வந்து சேர்ந்துவிடும். வசனத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும் உள்ளது உள்ளபடியே இருக்கட்டும். ‘அவைகள்… இருக்கிறது’ என்பதைப் பார்த்துவிட்டு ஒருமை பன்மை திருத்துகிறேன் என்று கை வைக்காதீர்கள்.

வேதாகமத்திலேயே எழுதலாமா என்றால், இந்த இரண்டிலும் வேண்டாம் என்பதே எங்கள் பதில். தாள் மிக மெல்லியது, சாதாரண நோட்டுத் தாளில் பாதி கனம் இருந்தால் அதிகம். ஊற்றுப்பேனா மை மறுபக்கம் இறங்கும். ஜெல் பேனா காயுமுன் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். பந்துமுனைப் பேனா பள்ளம் போட்டு மறுபக்கம் பிரெய்ல்போலத் தடவலாம். ஈரமான ஹைலைட்டர் தாளைச் சுருட்டிவிடும். கோடு போட்டே ஆகவேண்டும் என்றால் மர வண்ணப் பென்சில், மஞ்சள் அல்லது வெளிர்நீலம், முனையைச் சாய்த்துப் பிடித்து. முதலில் பின்னட்டைக்கு முந்தைய வெற்றுத்தாளில் சோதித்துப் பாருங்கள். ஓரத்தில் குறிப்பு எழுதுவதும் தமிழுக்கு ஒத்துவராது; இரண்டு பத்தி அச்சில் மிஞ்சும் அரை விரற்கடை இடத்தில் ‘இரட்சிப்பு’ என்ற ஒரு சொல்லே மூன்றாக உடையும். தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குக் கோடு 8 மில்லிமீட்டராவது இருக்கவேண்டும், இல்லையென்றால் மேல்வரியின் ‘ழு’, ‘ளூ’ கீழ்வரியின் ‘கீ’யில் இடிக்கும். 119-ம் சங்கீதத்தை நாளுக்கு எட்டு வசனமாக எழுதினால் 22 நாளில் முடியும். கைக்கு நடை பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

செல்பேசிச் செயலி தேடுவதற்கு உதவும், ஆனால் தமிழில் தேடும் வகை தெரிய வேண்டும். ‘மேய்ப்பர்’ என்று தட்டினால் 23-ம் சங்கீதத்தின் முதல் வசனம் பெரும்பாலும் வராது. அங்கே சொல் ‘மேய்ப்பராயிருக்கிறார்’. ‘ர்’ அல்ல, ‘ரா’. ‘மேய்ப்ப’ வரை தட்டி நிறுத்துங்கள். ‘அன்பு’ என்று தேடினால் அன்பின், அன்பை, அன்பினால் எல்லாம் விட்டுப்போகும், ‘அன்ப’ போதும். கடைசி எழுத்தின் புள்ளியையும் கொம்பையும் காலையும் விட்டுவிட்டுத் தேடுவது வழக்கமாகிவிட்டால் எந்தச் சொல் எந்த வசனத்தில் என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதியைப் புரட்டும் நேரம் மிச்சம். நகலெடுத்து ஒட்டும்போது வசன எண்ணும் சேர்ந்து வரும், பத்தி நடுவில் நின்றுகொண்டு முழிக்கும்; அச்சுக்குப் போகுமுன் நீக்குங்கள். முழு அதிகாரங்களைச் சேர்த்துப் புத்தகமாகப் போடுகிறவர்கள், முன்பக்கத்தில் உள்ள உரிமை வாசகத்தைப் படித்துப் பதிப்பாளரிடம் அனுமதி கேட்டுவிட வேண்டும்.

வாங்கும்போது: பழைய மொழிபெயர்ப்பில் இணைவசனக் குறிப்புள்ள பதிப்பையே கேளுங்கள், சற்று விலை கூடினாலும். ஜிப் வைத்த உறை பயணத்துக்குச் சரி, மேசையில் புத்தகம் தட்டையாக விரியாது, பல் தாளோரத்தையும் கீறும். முதுகின் மேல்விளிம்பைப் பாருங்கள். மடித்த தாள்கட்டுகள் தெரிந்தால் தைத்தது, ஒரே சமமாகப் பசை தெரிந்தால் இரண்டு லெந்து தாங்குவது கடினம். சிறிய எழுத்துப் பதிப்பென்றால் ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து மெய்யெழுத்துப் புள்ளிகள் எல்லாம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா வீட்டுப் பழைய பிரதி கையில் இருந்தால் புதிதே வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, ணா, றா வடிவங்களுக்குக் கண் ஒரு வாரத்தில் பழகிவிடும், அந்தக் காலத்துத் தையலும் இன்னும் விட்டிருக்காது.